புல்லட் பிரீதரில் ஆயில் தள்ளினால் போர் போட்டே ஆகணுமா?

கேள்வி: 1994 மாடல் புல்லட் 350 ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். பிரீதர் குழாய் (எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக ஆயில் தள்ளி, பின் சக்கரம் வரை தெறிக்கிறது. நான் கூட்டிப்போன மெக்கானிக், குழாய் வாயில் என் விரலை வைத்து, "காத்து எப்படி அடிக்குது பாருங்க, ரிங் போச்சு, போர் போடணும்" (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்துவிட்டது, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்கிறார். விற்பவரோ, "பழைய புல்லட்னா அப்படித்தான் சார்" என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். விரலில் காற்று அடிப்பது எதற்கும் சாட்சி இல்லை. அது ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் 346 சிசி காற்றை அழுத்துகிறது. புத்தம் புது எஞ்சினிலும் பிரீதர் 'புஸ் புஸ்' என்று அடிக்கத்தான் செய்யும். அந்தக் காற்றோடு இவ்வளவு ஆயில் ஏன் வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) புல்லட்டில் இதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. ஆயில் டேங்க் எஞ்சினுக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கும். வண்டி பல நாள் நின்றால், தேய்ந்த ஆயில் பம்ப் வழியாக அந்த ஆயில் மெல்லக் கசிந்து, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் தேங்கும். அந்த நேரத்தில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். உடனே அரை லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் தேங்கிய ஆயில் டேங்குக்குத் திரும்பி, அளவு மிஞ்சி, பிரீதர் வழியே வெளியேறும். இதற்குப் போர் போட்டால் காசுதான் போகும், ஆயில் தள்ளுவது நிற்காது.

அதனால் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதிகமான ஆயிலை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரம் மட்டும் தள்ளிவிட்டு நின்றுவிட்டால் ரிங் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், மேட்டில் ஏறும்போதும் விடாமல் தள்ளினால் சந்தேகப்படுங்கள். பிரீதர் குழாயின் நுனியில் வாத்து மூக்கு போல ஒரு ரப்பர் வால்வு இருந்தால் அதையும் பாருங்கள். அது காற்றை வெளியே விட்டு, உள்ளே வராமல் தடுப்பது. இறுகியோ கிழிந்தோ போயிருந்தால் ஆயில் கண்ட இடத்திலும் கசியும். மாற்ற அதிகம் செலவாகாது.

இன்னொன்று, டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் தரும் லீவர்) முழுதாகத் திரும்பாமல் நின்றாலோ, காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவுக்கு அதிகமாக இருந்தாலோ, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஆயில் தண்ணீர் போல இளகி எளிதில் வெளியேறும், ரிங்கும் சீக்கிரம் தேயும். ஏர் ஃபில்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சத்தத்துக்காக அதைக் கழற்றி எறிந்த வண்டிகள் நிறைய. தூசியைக் குடித்த எஞ்சினில் ரிங் தேயாமல் இருக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆயில் தள்ளினால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை. பிளக்கைக் கழற்றி, கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கிக் அடிக்க வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைத் (அழுத்தத்தை வெளியே விட்டு கிக் அடிப்பதை எளிதாக்கும் லீவர்) தொடக் கூடாது. அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு வால்விலோ டீகம்ப்ரஸரிலோ இருக்கலாம்.

ரிங்தான் என்று உறுதியானாலும் போர் போடச் சம்மதிக்கும் முன் லேத்தில் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் ஓவலாகாமல் இருந்தால் ரிங் மாற்றி ஹோனிங் செய்தாலே (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கினாலே) போதும். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் (சிலிண்டரை ஏற்கெனவே எவ்வளவு பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பது) இருக்கும், அதையும் கேளுங்கள். ஏற்கெனவே கடைசி சைஸ் என்றால் ஸ்லீவ் (உள்ளே செருகும் புதுக் குழல்) போடவோ பேரல் (முழு சிலிண்டர்) மாற்றவோ வேண்டிவரும். வேலை, பிஸ்டன் கிட், கூலி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறாரே விற்பவர்?

பதில்: ரிங் தேய்ந்த வண்டியில் வரும் புகை கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான். விற்கும் முன் அப்படி ஊற்றி வைப்பவர்களும் உண்டு. அதனால் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, முன்தகவல் சொல்லாமல் போய் நீங்களே கிக் அடித்துப் பாருங்கள். முதலில் நீலப் புகை வந்து உடனே அடங்கினால் வால்வு கைடைப் (வால்வின் தண்டு ஓடும் குழல்) பாருங்கள். முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். அப்புறம், 15 வருடம் கடந்த வண்டிக்கு ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது முடிந்திருக்கிறதா, எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.