தப்பு காயும் நேரம்: நாடகம், கூத்து, ஆற்றுகை பற்றிக் கேள்வி பதில்

ஹட்டன் வாசகி: போன மாதம் இங்கே ஒரு மண்டபத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தை 40 நிமிடமாகச் சுருக்கிப் போட்டார்கள். கைதட்டல் பலம். எனக்கு மட்டும் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. நீங்களும் வந்திருந்தீர்களே, என்ன குறை அண்ணா?

வந்திருந்தேன் தங்கச்சி. சுருக்கியதைக் குறை சொல்ல மாட்டேன். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். அப்படி மேடையேறிய இராவணேசன் கூத்தில் மௌனகுரு ஆடிய இராவணனை இன்றைக்கும் பேசுகிறார்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று அங்கே யோசித்திருந்தார்கள். நாம் பார்த்ததில் தப்பு என்கிற தோல் பறையையே விட்டுவிட்டு ஒலிப்பதிவைப் போட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுகிறார்கள். ரதி, மன்மதன் வேஷக்காரருக்கு அன்றிலிருந்து விரதம். தகன இரவில் தப்புக்காரர் சுள்ளி நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவார். காதோரம் வைத்து விரலால் ஒரு தட்டு. சரியில்லை என்றால் மறுபடி நெருப்பு. பனியில் தோல் தொய்ந்துகொண்டே இருப்பதால் விடியும்வரை இதே வேலைதான். மன்மதன் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் பையன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் பாட்டிமார் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அத்தனை நாள் காத்திருந்த அழுகை அது. 40 நிமிடத்தில் அதைக் கொண்டுவர முடியாது. அந்தக் காத்திருப்பில் ஒரு துளியையாவது கொண்டுவரலாம். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள், சரி. வாசலில் மூட்டலாமே! சனம் அந்தச் சூட்டைத் தாண்டி உள்ளே வரட்டும்.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். ரதி இசையில்லாமல் மேடை விளிம்பில் உட்கார்ந்து ஒப்பாரி சொன்ன இடம் அசல்.

பண்டாரவளை வாசகர்: ஆற்றுகைக் கலை என்கிறார்களே, ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் கலையா?

நாடகத்தில் நடிகர் இன்னொருவராக மாறுகிறார். ஆற்றுகைக் கலைஞர் பெரும்பாலும் தானாகவே இருந்து, ஒரு காரியத்தை நிஜமாகவே செய்கிறார். 2010-இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் மரினா அப்ரமோவிச் 700 மணித்தியாலத்துக்கு மேல், நாள் கணக்கில், பேசாமல் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கதிரையில் யாரும் வந்து உட்காரலாம். உட்கார்ந்தவர்களில் பலர் கண்கலங்கினார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்க மழையில் நின்ற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேசாமல் நிற்கும் ஓர் உடம்பு எவ்வளவு சொல்லும் என்று நமக்குத் தெரியாதா? பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் பாதியில் எழுந்து வராதீர்கள். இந்தக் கலையே நேரத்தில்தான் இருக்கிறது.

கண்டி மாணவர்: ஒபேரா பார்க்க ஆசை. பாஷை புரியாமல் நிறுத்திவிடுகிறேன்.

கதையை முதலில் வாசித்துவிடுங்கள் தம்பி. காமன் கதை தெரிந்துதானே கூத்துக்குப் போகிறோம்? பழைய கிரேக்க நாடகத்தை மீட்க நினைத்தவர்கள் 1600-ஐ ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸில் தொடங்கிய கலை அது. பாடுகிறவர்கள் வழக்கமாக ஒலிவாங்கி இல்லாமல், முழு வாத்தியக் குழுவுக்கு மேலே குரலை எழுப்புவார்கள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

மாத்தளை வாசகர்: 2023-இல் தலைமன்னாரிலிருந்து எங்கள் ஊர்வரைக்கும் நடந்தார்களே, அதையும் ஆற்றுகை என்று சொல்லலாமா?

நான் சொல்லமாட்டேன். 200 வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை நினைத்து, உரிமை கேட்டு நடந்த நடை அது. அதற்கு விமர்சனம் எழுத எனக்குக் கை வராது.

பதுளை ஆசிரியர்: தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகள் எழுதும் எல்லா நாடகத்திலும் குடிகார அப்பா, அழுகிற அம்மா. இதை எப்படி மாற்றுவது?

சேர், அந்த அப்பா அம்மாவை விரட்டாதீர்கள், பிள்ளைகள் பார்த்ததைத்தான் எழுதுகிறார்கள். வசனத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஒரு பாடசாலை நாடகத்தில் அம்மாவாக வந்த சிறுமி, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்கை இடுப்பில் சுற்றி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள். வாயைத் திறக்கவில்லை. மண்டபம் கப்சிப். அப்புறம் "ஐயோ, என் தலைவிதியே" என்று ஆரம்பித்தாள், எல்லாம் போய்விட்டது. முதல் ஒரு வாரம் எழுத்துப் பிரதியே வேண்டாம். வீட்டில் பார்த்த ஒரு வேலையைப் பேசாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். நாடகம் அதிலிருந்து வரும்.

நுவரெலியா வாசகி: ரதி வேஷத்தை ஆண்கள்தான் கட்டுகிறார்கள். நான் கட்டலாமா அண்ணா?

மேடையில் தாராளமாகக் கட்டலாம், கட்டவும் வேண்டும். தோட்டத்துக் கூத்தில் நேர்த்தியும் விரதமும் இருப்பதால் கூத்து வாத்தியாரிடமும் பெரியவர்களிடமும் கேட்டுத்தான் போக வேண்டும். பெண் கட்டுவதுதான் என் ஆசை. எதுவானாலும் ரதியின் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு மட்டும் போகாதீர்கள். முதலில் தப்புக்காரரோடு நாலு சாயங்காலம் நின்று, அவர் அடிக்குக் கால் வைத்துப் பாருங்கள். ஒருமுறை அவரிடமே தப்பை வாங்கி நெருப்பில் காட்டிப் பாருங்கள்.