இருட்டறை டிரம்முக்குப் புதிய மோட்டர்: முதலில் சுற்றை எண்ணுங்கள்

கேள்வி: ஹட்டனில் தந்தையார் நடத்திய ஸ்டூடியோவின் இருட்டறையை மீண்டும் பயன்படுத்த விரும்புகிறேன். படத்தாளை உள்ளே வைத்துக் கழுவும் பிளாஸ்டிக் டிரம்மும், அதை உருட்டும் அமெரிக்கத் தயாரிப்பு மோட்டர் தட்டும் இருக்கின்றன. தட்டை 110 வோல்ட் ட்ரான்ஸ்போமர் மூலம் இயக்கி வந்தோம். இப்போது மோட்டர் உறுமுகிறதே தவிர சுழல்வதில்லை. கடைசியாகச் சுழன்ற நாட்களில் படங்களில் கோடுகளும் விழுந்தன. 'ஒரிஜினல்' மோட்டர் வரவழைத்துத் தருவதாக ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். வேறு மோட்டர் பொருத்தலாமா ஐயா?

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். அந்த 'ஒரிஜினல்' காரருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர் சொன்னபடியே அசல் மோட்டர் வந்து சேர்ந்தாலும் சில வருடங்களில் அதே நோய் திரும்பி வரும். தட்டின் அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள்; 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். இலங்கையில் நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும், மீடிறனை, அதாவது அந்த ஹேர்ட்ஸ் எண்ணை, அது தொடுவதே இல்லை. இவ்வகை மோட்டரின் வேகம் மீடிறனைப் பின்பற்றுவதால், ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் உங்களுடையது ஐந்துதான் சுற்றியிருக்கிறது. அத்துடன் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, அச்சைத் தாங்கும் புஷ்ஷில் இருந்த எண்ணெயையும் காய வைத்திருக்கிறது. ட்ரான்ஸ்போமர் விற்பவர்கள் இதை ஒருபோதும் வாய்திறந்து சொல்வதில்லை.

புதியது வாங்குமுன் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டர் அச்சை விரலால் சுழற்றுங்கள். இறுகியிருந்தால், கறுத்துக் கட்டியான பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்து, புஷ்ஷில் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். செத்துப்போனதாக என்னிடம் கொண்டு வரப்பட்ட பல மோட்டர்கள் இந்த இரண்டு சொட்டில் எழுந்து ஓடியிருக்கின்றன. சுருள் கருகியிருந்தால் மட்டும் கைவிடுங்கள். மறுபடி சுற்றக் கொடுக்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மோட்டர் சுற்றும் பாஸ் கெட்டிக்காரர்தான், ஆனால் தலைமயிர் பருமனான இந்தக் கம்பியைச் சுற்றுவது வேறு வேலை.

எந்த மோட்டர் என்பதற்கு வருவோம். கடைக்காரர் சொல்வது மோட்டரின் சுற்று. உங்களுக்கு வேண்டியது டிரம்மின் சுற்று. கறுப்பு வெள்ளைத் தாளுக்கு டிரம் நிமிடத்துக்கு 30 சுற்று அளவில் உருண்டால் போதும். உருட்டும் ரோலர் 2.5 சென்றிமீற்றரும் டிரம் 9 சென்றிமீற்றரும் விட்டம் கொண்டவை என்றால், 30ஐ 9ஆல் பெருக்கி 2.5ஆல் வகுங்கள், 108 வரும். ஆகவே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று பொறித்த, பற்சில்லுப் பெட்டியுடன் கூடிய, 110 சுற்று ஒத்தியங்கு மோட்டர் (மீடிறனுக்கு ஏற்ப மாறாத வேகத்தில் சுழல்வது) பொருந்தும். பொருத்திய பின் டிரம்மில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

இங்கேதான் தரகர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். உடைத்த மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுழற்றும் மோட்டரைக் கழுவித் துடைத்து, 'இருபக்கமும் சுழலும் விசேட மோட்டர்' என்று விற்கிறார்கள். சொல்வது முழுப் பொய்யும் அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த இரண்டு கம்பி மோட்டர் ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் தனக்குத் தோன்றிய திசையில் கிளம்பும். திசையைத் தீர்மானிப்பது அதன் தலைவிதியே தவிர நீங்கள் அல்ல. அதன் மேல் 5/6 என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு 50 ஹேர்ட்ஸில் ஐந்து சுற்று, 60இல் ஆறு என்று பொருள். டிரம்மை உருட்ட அந்த வேகம் எதற்கும் ஆகாது. நீங்கள் கேட்க வேண்டியது மூன்று கம்பியும் ஒரு கெப்பாசிட்டரும் உள்ள மோட்டர்; அது நீங்கள் சொன்ன திசையில் ஓடும்.

திரவம் தாளில் சீராகப் படுவதற்காக, திசையைத் தானாக மாற்றும் சர்க்கிட் பெட்டியையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை டிரம்மைத் தூக்கி, முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். திசை மாறிவிடும், செலவு இல்லை. உங்கள் கோடுகளுக்கு மெதுவான சுற்று ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது மேசையைத்தான். நம் மலைநாட்டுப் பழைய வீடுகளில் மட்டமான தரை அரிது. 8×10 அங்குலத் தாளுக்கு டிரம்மில் இருப்பது சுமார் 70 மில்லிலீற்றர் டெவலப்பர், அதாவது படத்தைத் தோன்றச் செய்யும் திரவம். மேசை சற்றுச் சரிந்தாலும் அது ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கத்தைப் பட்டினி போடும். மேசன்மாரின் ரசமட்டத்தை இரவல் வாங்கித் தட்டை மட்டப்படுத்துங்கள்.

மீடிறனுக்குக் கட்டுப்படாத மோட்டர் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்பன் பிரஷ் உள்ள 12 வோல்ட் நேரோட்ட மோட்டருக்கு 50, 60 என்ற பேதம் இல்லை. வேகத்தைத் திருகியால் கூட்டிக் குறைக்கலாம், வயரை மாற்றினால் திசை மாறும், மின்வெட்டு நாளில் கார் பேட்டரியிலும் ஓடும்; 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் கிடந்த நமக்கு இது சிறிய வசதி அல்ல. ஆனால் பிரஷ் தீப்பொறி விடும். மூடிய டிரம்மானால் தாளுக்கு ஆபத்தில்லை. அதே மோட்டரை, தாளைத் திரவத்தில் ஊற வைக்கும் திறந்த தட்டை ஆட்டுவதற்குப் பயன்படுத்தினால், ஒளி பட்டுத் தாள் மூட்டமடையக்கூடும். தீப்பொறியைவிடப் பெரிய திருடன், அந்த அடாப்டரிலும் வேகத் திருகியிலும் மினுங்கும் நீல, பச்சை விளக்கு. மல்டிகிரேட் என்ற கறுப்பு வெள்ளைப் படத்தாள் இவ்விரு நிறங்களுக்குமே கூர்மையாகக் கூசும். டிரம்முக்குள் தாளைச் செருகும் அந்த அரை நிமிடமே தாளைக் கெடுக்கப் போதும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி மறையுங்கள்.

ஈரக் கையுடன் வேலை செய்யும் அறை என்பதால், உலோகத் தட்டுக்குப் புவித்தொடுப்பும், வீட்டுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் இன்றி 230 வோல்ட் மோட்டரைப் பூட்டவே கூடாது. பழைய வீடுகளில் சுவர் பிளக்கின் மூன்றாவது துளை, அதாவது புவித்தொடுப்புத் துளை, வெறும் அலங்காரமாக இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பரிசோதிக்க எவரும் வருவதில்லை என்பதும் தெரியும். வயர்மேனை நீங்களே அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கு வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். ஏமாற்றுகிறவர் அதைத் தரமாட்டார், அது இல்லாமல் உங்கள் முறைப்பாடும் நகராது. சட்டம் செய்தவர்கள் இந்தச் சிக்கலை யோசித்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை வீணாக்காமல், டிரம்மில் 70 மில்லிலீற்றர் வெறும் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் ஓட விட்டு, மறுபடி சுற்றை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ, அந்தச் சீட்டுடன் அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள்.