சரிசெய்த பிறகும் போகாத எரர் பேஜ்

கே: டாட் என்வி (.env) என்ற செட்டிங்ஸ் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் திருத்திவிட்டேன். லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்ஒர்க்) தளம் இன்னும் 500 (சர்வர் கோளாறு) தான் காட்டுகிறது.

டெப்ளாய் ஸ்கிரிப்டில் 'கான்ஃபிக்:கேஷ்' என்ற ஆர்ட்டிசன் (லாராவெலின் கட்டளைக் கருவி) கட்டளை இருக்கிறதா பாருங்கள். அதை ஒருமுறை ஓட்டிவிட்டால் செட்டிங்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில் உறைந்துவிடும். அதன்பின் டாட் என்வியை லாராவெல் எட்டிக்கூடப் பார்க்காது. அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். பின்னணி வேலைகளைச் செய்யும் கியூ ஒர்க்கரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய பாஸ்வேர்டோடுதான் அது இன்னும் உட்கார்ந்திருக்கும்.

கே: தவறுதலாக நீக்கிய பக்கத்தைத் திரும்பப் போட்டாயிற்று. எனக்குத் திறக்கிறது, வாடிக்கையாளருக்கு 404 (பக்கம் இல்லை). எல்லா கேஷையும் (சேமித்துவைத்த நகல்களையும்) அழித்துவிடட்டுமா?

பொறுங்கள். அழித்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். அடுத்த வாரம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

முதலில் 'கர்ல்' என்ற கட்டளைக் கருவி கொண்டு ஹெடர்களை (பதிலோடு வரும் குறிப்பு வரிகளை) மட்டும் வரவழையுங்கள். 'ஏஜ்: 95' என்று இருந்தால், அந்தப் பதில் உங்கள் சர்வரிலிருந்து இப்போது வந்ததல்ல, வழியில் ஒரு கேஷில் 95 விநாடி கிடந்தது. பலருக்குத் தெரியாத விஷயம்: சேமிக்கலாமா என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் எதுவுமே இல்லாவிட்டாலும் 404-ஐச் சேமித்துவைக்க எச்டிடிபி விதிகள் இடம் தருகின்றன. 500-க்கு அந்தச் சலுகை இல்லை. அமேசானின் கேஷ் சேவையான கிளவுட்ஃபிரன்ட் எரர்களை இயல்பாக 10 விநாடி வைத்திருக்கும்.

404 பதிலுக்கு கேஷ்-கன்ட்ரோலில் 'நோ-ஸ்டோர்' (சேமிக்காதே) அனுப்புங்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் இங்கே ஒரு பொறி உண்டு: ஹெடர் சேர்க்கும் 'ஆட்-ஹெடர்' வரி 200 (சரி), 301 (இடம் மாறிவிட்டது) போன்ற சில பதில்களுக்குத்தான் வேலை செய்யும், 404-க்குச் செய்யாது. வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' என்று சேர்க்க வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன்.

கே: பைத்தான் ஃபிரேம்ஒர்க்கான ஜாங்கோவின் கேஷ் மிடில்வேர் (பதில்களைச் சேமிக்கும் இடைப்பகுதி) எரர் பேஜையும் சேமிக்குமா?

சேமிக்காது. 200, 304 (மாற்றமில்லை) இரண்டைத்தான் அது தொடும். ஆனால் உங்கள் வியூ (பக்கத்தைத் தயாரிக்கும் கோட்) எக்ஸெப்ஷனை, அதாவது ஓடும்போது வந்த கோளாறைப் பிடித்து, "மன்னிக்கவும், ஏதோ கோளாறு" என்று அழகாக ஒரு டெம்ப்ளேட்டை 200-இல் அனுப்பினால்? ஜாங்கோவுக்கு அது நல்ல பக்கம். சேமிப்பு நேரத்தை நீங்கள் மாற்றாதிருந்தால் 600 விநாடி அந்த மன்னிப்பே எல்லோருக்கும் போகும். ஸ்டேட்டஸை 503 (இப்போது சேவை இல்லை) ஆக்குங்கள், தீர்ந்தது.

கே: ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் பழைய எரர். இன்காக்னிட்டோவில் சரியாக வருகிறது.

சர்வரை விட்டுவிடுங்கள். தளத்தில் சர்வீஸ் ஒர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடும் தளத்தின் ஸ்கிரிப்ட்) இருந்தால் அதன்மேல்தான் என் சந்தேகம். அதில் சேமிக்கும் கட்டளைகளில் 'கேஷ்.ஆட்' 404-ஐ வாங்க மறுக்கும், 'கேஷ்.புட்' 404-ஐயும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். பதில் வெற்றியா என்று சொல்லும் 'ரெஸ்பான்ஸ்.ஓகே' பார்த்த பிறகு சேமியுங்கள். கேஷின் பெயரையும் மாற்றி, பழையதை, புதிய ஒர்க்கர் பொறுப்பேற்கும் 'ஆக்டிவேட்' கட்டத்தில் நீக்குங்கள்.