ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தில் ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) வீடுகளில் வாடகைக்கு இருக்கும் வாசகர்களின் கேள்விகள் இம்முறை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு. அங்கிருப்பவர்கள் கீழே வரும் நாட்கணக்கைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. சின்னவனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது. எத்தனையோ தடவை போன் பண்ணிவிட்டேன். பார்க்க வந்தவர், "சமைக்கும்போது ஜன்னலைத் திறவுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி என்ன செய்வது? – வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: இனிப் போனில் பேசுவதோடு விடாதீர்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். முதல் வரியிலேயே பிள்ளையின் வயதையும் இழுப்பையும் எழுதுங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எப்போதிலிருந்து, எந்தெந்தத் தேதியில் அறிவித்தீர்கள் என்பவை அடுத்து வரட்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடித்தால் பூஞ்சணம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். ஜிபியின் கடிதம் இருந்தால் அதையும் இணையுங்கள்.

பிள்ளையின் நோயை முதலில் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நீண்டகாலம் இருந்த பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணையில் தெளிவானது. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்று கணிக்கும்போது, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அசோசியேஷன் பார்த்தாக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வந்து பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வு முடிந்து 3 வேலை நாட்களில் அதன் முடிவை எழுத்தில் தர வேண்டும். ஆய்வு முடிந்ததிலிருந்து 5 வேலை நாட்களில் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தங்கள் செலவில் உங்களுக்கு வேறு தங்குமிடம் கொடுக்க வேண்டும்.

சமையல் ஆவியைச் சொல்லித் தப்புவது பழைய வழக்கம். வாடகைக்காரரின் வாழ்க்கைமுறையில் பழிபோட வேண்டாம் என்று வாடகைக்காரரின் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் 2021இலேயே கண்டித்திருக்கிறார். ஈரம் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். வெளிச்சுவரில் அலுமாரிக்குப் பின்னாலும் கூரை மூலையிலும் கறுப்பது, குளிர்ந்த சுவரில் ஆவி படிவதால். மழை பெய்தபின் கறை விரிந்தால் பீலி அல்லது வெளிச்சுவர் வெடிப்பு. நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை கறை ஏறினால் அடி ஈரம். குளியலறையின் எக்ஸ்ட்ராக்டர் ஃபேனைப் போட்டு, அதன் கம்பித்தட்டில் ஒரு டிஷ்யூத் தாளை வையுங்கள். தாள் ஒட்டி நிற்காமல் விழுந்தால் ஃபேன் காற்றை இழுக்கவில்லை. அதைப் படம்பிடித்து அனுப்புங்கள். பூஞ்சணத்தின்மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணம் தீராமல் அடித்த பெயின்டைத் தாண்டிப் பூஞ்சணம் திரும்பவும் வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான். ரிப்பேர் லைனுக்கு எத்தனை முறை பேசினாலும் பெரும்பாலும் அது வேலைக்கான கோரிக்கை என்றே பதிவாகும். "நீங்கள் கையாண்ட விதம் எனக்குத் திருப்தியில்லை, இதை முறைப்பாடாகப் பதியுங்கள்" என்று எழுதினால் அதற்கென்று தனிக் காலக்கெடு ஓடத் தொடங்கும். 5 வேலை நாட்களில் கிடைத்ததை உறுதிசெய்து, அதிலிருந்து 10 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். பதில் போதாவிட்டால் இரண்டாம் கட்டம் கேளுங்கள்; அதற்கு உறுதிசெய்த நாளிலிருந்து 20 வேலை நாட்கள். அதன்பிறகும் தீராவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இறுதிப் பதில் கிடைத்து 12 மாதங்களுக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் இருந்து, மாதாமாதம் நாலு வார வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆனாலும் நிலுவை என்று கடிதம் வருகிறது. – வாசகர், குரோய்டன்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வார வாடகையை நாலால் பெருக்கி மாதம் கட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. வருடத்தில் 52 வாரம் இருக்கிறது. நாலு நாலாகப் பன்னிரண்டு மாதம் கட்டினால் 48 வாரத்துக்குத்தான் ஆகும். வாரம் 130 பவுண்ட் என்று வைத்தால் மாதம் 520 அல்ல, 563.33 (130 × 52 ÷ 12). வருட முடிவில், விடுபட்ட 4 வாரத்துக்கு 520 பவுண்ட் கடன் தானாக நிற்கும். வங்கி தானாகக் கட்டும் ஸ்டாண்டிங் ஓர்டரை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்.

ஏப்ரலில் வாடகை கூடும்போது இன்னொரு பிசகு நடக்கும். புதிய வாடகையை உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஒன்லைன் கணக்கில், அது நடைமுறைக்கு வரும் நாளிலோ அதற்குப் பின்னோ நீங்களே உறுதிசெய்ய வேண்டும். விட்டுவிட்டால் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும்.

கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போடாதீர்கள். பெரும்பாலான அசோசியேஷன்களில் பண ஆலோசகர் இருப்பார், இலவசம். கிடைக்க வேண்டிய எந்த உதவியைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றும் பார்த்துச் சொல்வார். நீதிமன்றம் போகுமுன் உங்களோடு பேசி, கட்டக்கூடிய தவணைக்கு உடன்பட அசோசியேஷன் முயல வேண்டும். வீட்டைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் வந்துவிட்டால், அன்றே அரசின் இலவசச் சட்ட ஆலோசனையை நாடலாம். அதற்கு வருமான வரம்பு இல்லை.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, குப்பை நிரம்பி வழிகிறது, சர்விஸ் சார்ஜ் (கட்டடப் பொதுப் பராமரிப்புக் கட்டணம்) மட்டும் கூடுகிறது. குடியிருப்போர் சங்கம் தொடங்கலாமா? – சில வாசகர்கள், மிச்சம் (Mitcham)

பதில்: கட்டாயம் தொடங்குங்கள். ஒருவர் கேட்டால் அது அவருடைய பிரச்சினை. இருபது கதவுகளின் கையெழுத்தோடு கேட்டால் அதிகாரி நேரில் வருவார். நாலைந்து பேர் சேர்ந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: என்ன உடைந்திருக்கிறது, எது வேண்டும், எந்த நாள் வர முடியும். பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு பக்க யாப்பு, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு. இவை இருந்தால் அங்கீகாரம் கேட்கலாம். நிபந்தனைகள் அசோசியேஷனுக்கு அசோசியேஷன் மாறும். சில இடங்களில் சிறு மானியமும் கூட்டத்துக்கு மண்டபமும் தருவார்கள்.

நாம் அதிகம் தவறும் இடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ் வீடுகள் மட்டும் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கி அதையே சங்கம் என்றால், கட்டடத்தின் பிரதிநிதி அல்ல என்று மறுத்துவிடுவார்கள். அவர்கள் மறுப்பது சரியும்கூட. பக்கத்து வீட்டுச் சோமாலி அம்மாவும் மேல்மாடி ஆங்கிலேய முதியவரும் குழுவில் இருக்கட்டும். நோட்டீஸை இரண்டு மூன்று மொழியில் ஒட்டுங்கள்.

சர்விஸ் சார்ஜ் நிலையானதா, செலவுக்கேற்ப மாறுவதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மாறுவது என்றால் 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் – வாடகைக்காரர் சட்டப்படி செலவுச் சுருக்கத்தை எழுதிக் கேட்கலாம். அது கிடைத்து 6 மாதத்துக்குள் பில்களையும் பார்க்கக் கேட்கலாம். நிலையான கட்டணத்துக்கு இந்த உரிமை இல்லை. பில்லில் முதலில் துப்புரவைப் பாருங்கள்: வாரம் ஒரு முறைக்குப் பணம் எடுத்திருப்பார்கள், மாடிப்படியில் தொங்கும் கையெழுத்துத் தாளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் இருக்கும். அந்தத் தாளை மாதாமாதம் படம்பிடித்து வைத்தால் வாதாட வேறெதுவும் வேண்டாம். அதிகாரியோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் யார், எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே எழுதி வாங்காவிட்டால் அந்தச் சுற்று வெறும் நடைதான்.

கேள்வி: அம்மாவால் குளிக்கும் தொட்டிக்குள் ஏறி இறங்க முடியவில்லை. – வாசகி, ஹாரோ

பதில்: கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய என்ன வசதி வேண்டும் என்று மதிப்பிடுபவர்) வந்து பார்க்கக் கேளுங்கள். தேவை என்று அவர் மதிப்பிட்டால், கைப்பிடி போன்ற 1000 பவுண்டுக்குட்பட்ட சிறு மாற்றம் இலவசம். தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்ட ஷவர் போடுவதற்கு, ஊனமுற்றோர் வசதி மானியம் 30,000 பவுண்ட் வரை உண்டு. அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்ப்பார்கள். அசோசியேஷன் வீட்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அசோசியேஷனின் சம்மதம் வேண்டும். சில அசோசியேஷன்கள் தங்கள் செலவிலேயே செய்து தருவதால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். மானியம் உறுதியாகுமுன் ஆள் பிடித்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கிய வேலைக்குப் பொதுவாக மானியம் கிடைக்காது.