ஒன்று குறைந்தால் எல்லாமும் ஏன் கூடுகின்றன?

கேள்வி: புதுச்சேரியில் முதுகலை உயிரியல் படிக்கிறேன், வீட்டில் கரும்புப் பயிர். ஈஸ்டுக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) ஒன்றை மட்டும் கிடைக்காமல் செய்தாலும், அர்ஜினின், லைசின் முதலிய பிற அமினோ அமிலங்களை ஆக்கும் நொதிகளும் சேர்ந்து பெருகுவது ஏன்? இந்த அறிவு கரும்பின் செவ்வழுகல் நோயைத் தடுக்க உதவுமா?

— வாசகி ஒருவர், நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்

பதில்: பாக்டீரியாவின் டிரிப்டோஃபான் ஓபரானை (டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை ஆக்க ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுதியை) முதலில் படித்தவர்களுக்கெல்லாம் எழும் ஐயம் இது. அங்கே டிரிப்டோஃபான் குறைந்தால் அதற்குரிய நொதிகள் மட்டுமே கூடும். ஈஸ்டில் இத்தகைய மரபணுக்கள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தாலும், ஜிசிஎன்4 என்ற ஒரே புரதம் அவற்றையும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களைத் தூண்டுகிறது. நியூரோஸ்போரா, ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளிலும் இதற்கு இணையான புரதங்கள் உண்டு.

குறைந்தது எந்த அமினோ அமிலம் என்று செல் ஆராய்வதில்லை. புரதம் கட்டுமிடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து செல்வது கடத்து ஆர்.என்.ஏ.; அமினோ அமிலம் ஏறாத கடத்து ஆர்.என்.ஏ. எதுவாயினும் ஜிசிஎன்2 என்ற நொதியை முடுக்கிவிடும். அந்நொதி புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 என்னும் காரணியில் பாஸ்பேட்டைச் சேர்ப்பதால், செல்லின் புரத உற்பத்தி பொதுவாகத் தளர்கிறது. அந்தத் தளர்விலேயே ஜிசிஎன்4 மட்டும் பெருகுவதுதான் விந்தை. அதன் தூது ஆர்.என்.ஏ.வில் (புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் இழையில்) உண்மையான செய்திக்கு முன்னால் நான்கு குறுஞ்செய்திகள் உள்ளன. முதலாவதை வாசித்து முடித்த ரைபோசோம்களில் (செய்தியை வாசித்துப் புரதம் கட்டும் துகள்களில்) பல இழையை விட்டு விலகாமல் நகர்கின்றன. ஊட்டம் நிறைந்த காலத்தில் அவை அடுத்த குறுஞ்செய்திகளில் ஒன்றில் மீண்டும் தொடங்கி அங்கேயே உதிர்ந்துவிட, பற்றாக்குறையிலோ மறுதொடக்கத்துக்கான அந்த இஐஎஃப்2 காரணி தாமதமாக வந்து சேர்வதால், அவற்றைக் கடந்து ஜிசிஎன்4-ஐ எட்டிவிடுகின்றன. 1980களில் ஆய்வாளர் ஆலன் ஹின்னெபுஷ் முதலானோர் அவிழ்த்த இந்தப் புதிர், மரபணு ஒழுங்குமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இயற்கையில் ஓர் அமினோ அமிலம் மட்டும் தனியே குறைவது அரிது என்பதால், எல்லாவற்றையும் ஒருங்கே கூட்டுவது ஊதாரித்தனம் ஆகாது. நொதி மிகுந்தாலும் விளைபொருள் தேங்குவதில்லை; பல வழிகளில் இறுதி விளைபொருளே முதல் நொதியைத் தடுத்துவிடும்.

பூஞ்சையால் வரும் செவ்வழுகலைப் பொறுத்தவரை, லைசின் ஆக்கும் வழியே கவனத்துக்குரியது. பூஞ்சைகள் ஆல்ஃபா-அமினோஅடிபேட் வழியாகவும், தாவரங்கள் டைஅமினோபிமெலேட் வழியாகவும் லைசினை ஆக்குகின்றன. ஆகவே முன்னதை மட்டும் தடுக்கும் மருந்து, கருத்தளவில், கரும்பைத் தொடாது. ஆனால் கரும்புத் திசுவிலிருந்தே லைசினை உறிஞ்ச முடிந்தால் பூஞ்சை தப்பிவிடலாம் என்பதால், உங்கள் வயலில் நோயற்ற விதைக்கரணையையும் எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தையும் கைவிட வேண்டாம்.