பழைய பிரஸ் போதுமா?

கேள்வி: உரிமம் பெற்ற என் ரைஃபிளுக்கான .30-06 தோட்டாக்களை நானே மறுநிரப்பு (சுட்டு முடித்த கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் பொருத்துவது) செய்ய விரும்புகிறேன். என்னிடமுள்ள, 'சி' வடிவச் சட்டம் கொண்ட பழைய பிரஸ் (மறுநிரப்புக்கான அழுத்துகருவி) போதுமா, அல்லது பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்யும் புரோகிரசிவ் பிரஸ் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் சட்டத்தின் உறுதியைப் பாருங்கள். சுமார் 63 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை முழுவதுமாக டையினுள் (கூட்டை உரிய அளவுக்கு அழுத்தும் அச்சு) செலுத்தி அளவுக்குக் கொண்டுவர மிகுந்த விசை தேவைப்படுவதால், ஒரு பக்கம் திறந்த 'சி' சட்டம் சற்றே விரிந்துகொடுக்க, கூட்டின் தோள்பகுதி (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் நின்றுவிடக்கூடும். பத்துக் கூடுகளின் தோளை அளவியால் அளந்து பாருங்கள். அளவுகள் சீராக இருந்தால் பழையதையே தடித்த மேசையில் போல்ட்டால் இறுக்கிப் பயன்படுத்தலாம். இல்லையெனில், நான்கு புறமும் மூடிய 'ஓ' சட்டமுள்ள, ஒரு முறைக்கு ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒருநிலை பிரஸ்ஸே என் தேர்வு.

டையின் மரை பொருந்துகிறதா என்பதையும் கவனியுங்கள். 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் கொண்டதே இன்று பொது அளவு. பழைய பிரஸ் சிலவற்றில் கூடுபிடிப்பான் தனி வடிவில் இருக்கும். அதற்கு அடாப்டர் தேவைப்படும்.

புரோகிரசிவ் பிரஸ் இப்போது வேண்டாம். பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, ஒரு கூட்டில் வெடிமருந்து இருமுறை விழுந்ததையோ விழாமலே போனதையோ புதியவர் கவனிக்கத் தவறலாம். ஒருநிலை பிரஸ்ஸில், குண்டைப் பொருத்துமுன் எல்லாக் கூடுகளையும் விளக்கொளியில் வரிசையாகப் பார்த்துவிட முடியும். மருந்தின் அளவை உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுங்கள்.