பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஆதரவான வளர்ப்பு’ என்றால் என்ன?

13 முதல் 19 வயதுப் பிள்ளைக்காக எல்லா முடிவையும் நாமே எடுக்காமல், அவர்கள் எடுத்துப் பழகும்போது கூடவே இருப்பது. எல்லை உண்டு, அது ஏன் என்ற விளக்கமும் உண்டு.

காரணம் மூளை வளர்ச்சி. உணர்ச்சி, பரபரப்பு சார்ந்த பகுதிகள் இந்த வயதில் வேகமெடுத்துவிடும். பின்விளைவை எண்ணிப் பார்க்கும் முன்பகுதி முதிர 25 வயதுகூட ஆகலாம். அதனால்தான் நல்ல மார்க் வாங்கும் பையனும், கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் காரைக்குடி ரோட்டில் பைக்கை முறுக்குகிறான். தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகும். காலையில் எழாததெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை (அப்பத்தாக்களிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது).

செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை ‘வேறு வைக்கும்’ வழக்கம் தெரிந்திருக்கும். அதே வீட்டுக்குள்தான் இருப்பார்கள். அடுப்பும் செலவுக் கணக்கும் தனி. தடுமாறினால் கேட்க ஆத்தா பக்கத்திலேயே இருப்பார். இங்கேயும் அதே ஏற்பாடுதான், அளவு சிறியது. மாதக் கைச்செலவைக் கொடுத்துக் கணக்கைப் பிள்ளையிடமே விடுங்கள். 20ஆம் தேதியே தீர்ந்துபோனால் திட்டவும் வேண்டாம், உடனே நிரப்பவும் வேண்டாம். எங்கே போனது என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

இதைச் செல்லம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வண்டிச் சாவி கேட்டால் ‘முடியாது’ என்பதும் இதில் அடக்கம்.